வில்வலியும் வேட்டைநெறியும்

வில்லைப் பாடிய புலவர்கள் பெரும்பாலும் அதன் வலியையே பாடினர். கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி, வல்வில் என்னும் அடைமொழியாலேயே சங்க நூல்களில் அறியப்படுகின்றான். அவன் விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கனையும் கொன்று, ஐந்தாவதாக ஓர் உடும்பிற் சென்று தைத்ததென்று வன்பரணர் புறநானூற்றிற் போற்றினார். சனகனது வில்லை இராமன் ஒருவனே வளைத்தான். கிரேக்கரின் காவியத்திலே ஒடிசியூஸின் வில்லுக்கு நாணேற்ற வந்த இளைஞர் பலரும் தோற்று நாணினர். பிறர் வளைக்கமாட்டாத வில்லை வளைத்தல் வீரத்துக்கு அளவாக நாடுதோறும் கொள்ளப்பட்டமை இவற்றாற் புலனாகும்.

ஆயின், காவியத் தலைவனை விடுத்து, காட்டிலே மானைத் தேடிச்சென்று உயிர்வாழ்ந்த வேடனை நோக்கினால் வேறொரு செய்தி வெளிப்படுகின்றது. அவன் கையிலிருந்த வில், அவன் வளைக்கக்கூடிய வில்லுள் மிக வலியதன்று. வலிய வில்லைச் செய்யும் அறிவும் வளைக்கும் ஆற்றலும் இருந்தும், அவன் அதனைத் தெரிந்தே தவிர்த்தான். அவ்வாறு தவிர்த்தமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இழுநிறை

வில்லாளர் ஒரு வில்லை மதிப்பிடும்போது முதலில் வினாவுவது அதன் நிறையையே. இந்நிறை வில்லைத் தராசிலிட்டு நிறுத்துக் காணும் நிறையன்று. நாணேற்றிய வில்லின் நாணை அம்பின் முழுநீளத்துக்கு இழுத்துப் பிடிப்பதற்கு எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவே அதன் நிறை எனப்படும். மயக்கம் நீங்கும் பொருட்டு அதனை இழுநிறை எனல் பொருந்தும். ஒரு வில்லின் இழுநிறை 45 இறாத்தல் என்றால், இழுத்த நாணை விடாது நிறுத்தும்வரை வில்லாளனுடைய விரல்களும் தோளும் முதுகும் 45 இறாத்தற் பாரத்தைத் தாங்கி நிற்கவேண்டும் என்பது பொருள். அது ஏறக்குறைய 20 கிலோகிராம் ஆகும்.

நாணை இழுக்குந்தோறும் விசை படிப்படியாக ஏறிச் செல்லும். ஆதலின் வளைந்த வில்லிற் சேர்ந்துள்ள சத்தி, இழுநிறையின் பாதியை நாண் இழுபட்ட தூரத்தாற் பெருக்கிவரும் அளவினை ஏறக்குறைய ஒத்ததாகும். இழுநிறை கூடினாற் சத்தி கூடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சத்தி முழுவதும் அம்பினைச் சேர்வதில்லை. வில்லின் இரு கைகளும் முன்னோக்கிப் பாய்வதில் ஒரு பகுதி செலவாகும். பருத்த வில்லின் கைகள் பாரமானவை. அவற்றை இயக்கவே பெரும்பங்கு போய்விடும். அன்றியும், வில்லாளன் நாணை முழுத்தூரத்துக்கு இழுக்க மாட்டாது இடையில் விட்டால், பெயரளவிற் பெருநிறையுடைய வில்லும் சிறுநிறை வில்லின் பயனையே தரும். ஆதலின் இழுநிறை என்பது வில்லுக்கு மாத்திரம் உரிய எண்ணன்று. அது வில்லையும் அதனை ஏந்துபவனையும் ஒருங்கே அளப்பது.

போர்க்களத்து வில்

பெருநிறை வில் எங்கே எதற்காகத் தோன்றியது என்பதற்கு இங்கிலாந்தின் நெடுவில் சிறந்த சான்று. எட்டாம் ஹென்றி மன்னனின் போர்க்கப்பலாகிய மேரி றோஸ், 1545ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி போட்ஸ்மத் துறைக்கு அணித்தாகக் கடலில் மூழ்கிற்று. 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆந் திகதி அதன் உடல் மேலே தூக்கப்பட்டது. சேற்றிற் புதையுண்டிருந்த அக்கப்பலிலிருந்து 172 நெடுவிற்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் 137 முழுமையானவை. யூ என்னும் மரத்தாற் செய்யப்பட்ட அவ்விற்களை அளந்தும், அவை போன்ற புதிய விற்களைச் செய்து சோதித்தும் ஆராய்ந்த அறிஞர், அவற்றின் இழுநிறை ஏறக்குறைய 100 இறாத்தல் முதல் 185 இறாத்தல் வரை இருந்திருக்கும் எனக் கணித்தனர். கப்பலோடு அமிழ்ந்தோரின் எலும்புக்கூடுகள் சிலவற்றில், தோள் எலும்பின் நுனி வளர்ந்து ஒன்றுபடாது பிரிந்து நிற்பதைக் கண்டு, இளமை தொட்டுப் பெருநிறை வில்லை வளைத்து வந்தமையே அதற்குக் காரணமாகலாம் எனவும் அவர் கருதினர்.

அத்தகைய வில்லை ஒருவன் ஒருநாளிற் கையாளப் பழகவில்லை. மதகுருவாகிய ஹியூ லற்றிமர் 1549ஆம் ஆண்டில் ஆறாம் எட்வேட் மன்னன் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கமொன்றிலே தமது இளமைக் காலத்தை நினைவுகூர்ந்தார். அவருடைய தந்தையார் மகனின் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற வில்லையே வாங்கிக் கொடுத்தார் என்றும், உடல் வளர வளர வில்லும் பெரிதாயிற்று என்றும் அதனால் அறிகின்றோம். பெருநிறை வில்லைப் போற்றிய அந்நாட்டிலேயே, ஆளுக்கேற்ற வில் என்னும் விதி முதற்பாடமாக இருந்தமை கருதத்தக்கது.

போர்க்களத்தில் வில் பெருநிறை எய்தியதற்குக் காரணங்கள் மூன்று. பகைவன் இரும்புக் கவசம் அணிந்திருந்தான். அதனைத் தாக்கப் பாரமான அம்பும் அதனை உந்தும் சத்தியும் வேண்டப்பட்டன. பகைவர் கூட்டமாக வந்தனர். ஒருவனுக்குத் தப்பிய அம்பு அயலானைத் தைக்கும். பகைவனைத் தூரத்திலேயே தடுக்கவேண்டும்; அவன் அக்கணமே இறக்கவேண்டும் என்பதில்லை, காயமுற்றுத் தளர்ந்தாலும் போதும். வில்லாளன் தன் உடலை மறைக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று, முழுவுடலையும் வில்லினுட் செலுத்தி, இழுத்த அக்கணமே அவன் நாணை விடலாம்.

மான் வேட்டையில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. மானுக்குக் கவசமில்லை. அது கூட்டமாக நின்றாலும் வேடன் ஒன்றையே குறிக்கவேண்டும். காயமுற்று ஓடும் மான் அவனுக்குப் பயனளிப்பதில்லை. அது புதருள் மறைந்து வருந்திச் சாகும், அவனுடைய வீட்டில் உலை ஏறாது. நிமிர்ந்து நின்று உடலை அசைத்தால் மான் கண்டுவிடும். எனவே போர்வில்லின் அளவைகொண்டு வேட்டைவில்லை அளத்தல் பொருந்தாது என்பது தெளிவு.

பெபுஸ் பிரபுவின் அறிவுரை

இவ்வேறுபாட்டை ஐரோப்பாவில் எழுத்திற் பதித்தவருள் குறிப்பிடத்தக்கவர், பிரான்சின் தென்மேற்கிலே புவா என்னும் நிலப்பகுதிக்குப் பிரபுவாயிருந்த மூன்றாம் கஸ்ரன் என்பவர். பெபுஸ் என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். 1331ஆம் ஆண்டிற் பிறந்து 1391ஆம் ஆண்டில் இறந்த அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை வேட்டையிலே கழித்தவர். 1387ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் எழுதத் தொடங்கிய வேட்டை நூல், விலங்குகளின் இயல்பு, நாய்களின் வளர்ப்பு, வேட்டையின் வகைகள் ஆகியவற்றை முறைப்பட விளக்குவது.

அந்நூலில் வில்வேட்டையைப் பற்றிக் கூறுமிடத்து அவர் வேடனுக்கு வழங்கும் அறிவுரை, வலிய வில்லைப் புகழ்ந்த அக்காலத்தினருக்கு வியப்பளித்திருக்கும். வேட்டைவில் மென்மையானதாக இருத்தல் வேண்டும் என்கிறார் அவர். மான் வரும்வழியில் மறைந்து நிற்பவன், அது அண்மையில் வருமுன்னரே நாணை இழுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். மான் வந்தபின் இழுத்தால் அவ்வசைவைக் கண்டு அது ஓடிவிடும். முன்னரே இழுத்தவன் மான் ஏற்ற இடத்துக்கு வரும்வரை அசையாது பிடித்திருக்கவேண்டும். பெருநிறை வில்லை அவ்வாறு பிடித்திருக்க இயலாது. கை நடுங்கும், நடுங்கும் கை குறி தவறும். இதுவே அவர் காட்டும் காரணம்.

பெபுஸ் தம்மை வில்வித்தையில் வல்லவராகக் கூறிக்கொள்ளவில்லை. அதனை மேலும் அறிய விரும்புவோர் இங்கிலாந்துக்குச் செல்லுக, அஃது அந்நாட்டவரின் தொழில் என்று அவரே கூறிவிடுகிறார். அந்நூலின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தாமும் சில அதிகாரங்களைச் சேர்த்தவர், யோர்க் கோமகனாகிய எட்வேட். அவர் 1406ஆம் ஆண்டுக்கும் 1413ஆம் ஆண்டுக்கும் இடையில் அப்பணியைச் செய்தார். 1415ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 25ஆந் திகதி அஜின்கூர்ப் போர்க்களத்தில் ஆங்கிலப் படையின் ஒரு பகுதியை நடத்திச்சென்று அங்கேயே மாண்டார். ஆங்கிலேயரின் பெருவிற்கள் புகழெய்திய களம் அது. வேட்டை நூலை மொழிபெயர்த்தவரே போர்விற்களின் நடுவே இறந்தமையை நோக்குமிடத்து, இருவகை வில்லும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், தத்தமக்குரிய நெறியில் வழங்கின என்பது விளங்கும்.

இஷியின் வில்

பெபுஸ் கூறியதை நூலறிவு சிறிதும் இல்லாத ஒருவர், உலகின் மறுபுறத்திலே, தம் முன்னோர் வழியாகவே அறிந்திருந்தார். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் லாசன் மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த யாகி என்னும் ஆதிக்குடியினர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தேறிய வெள்ளையராற் பெரும்பாலும் கொன்றொழிக்கப்பட்டனர். எஞ்சிய சிலர் பல ஆண்டுகள் பள்ளத்தாக்குகளில் மறைந்து வாழ்ந்தனர். அவருள் இறுதியாக உயிர்தப்பிய ஒருவர் 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆந் திகதி ஒறோவில் என்னும் ஊரின் அருகே பசியால் வாடிய நிலையில் வெளிப்பட்டார். தம் பெயரை அந்நியருக்குக் கூறுதல் அவர் வழக்கமன்று. ஆகவே, மானிடவியலறிஞர் அல்பிரட் குரோபர் அவரை இஷி என அழைத்தார். யாகியர் மொழியில் அதற்கு மனிதன் என்பது பொருள்.

இஷி சன் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் நூதனசாலையில் தங்கவைக்கப்பட்டார். அயலிலிருந்த வைத்தியக் கல்லூரியிற் சத்திரசிகிச்சை கற்பித்த சக்ஸ்ரன் போப் என்பவர் அவருக்கு வைத்தியராகி, நண்பராகி, ஈற்றில் மாணவருமானார். வில் செய்தல், அம்பு செய்தல், மானை அணுகுதல் ஆகியவற்றை அவர் இஷியிடமே கற்றார். 1914ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவரும் வேறு சிலரோடு இஷியின் பழைய வாழிடத்துக்கே சென்று, ஆங்கு அவருடைய வேட்டை முறைகளை நேரிற் கண்டனர். 1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி காசநோயால் இஷி இறந்தார். அவரிடங் கற்றவற்றைப் போப் 1918ஆம் ஆண்டில் யாகியரின் வில்வித்தை பற்றிய ஆய்வாக வெளியிட்டார். 1923ஆம் ஆண்டில் வில்வேட்டை பற்றிய நூலொன்றும் எழுதினார். ஓர் இனத்தின் வேட்டையறிவு அவ்வினம் அழிந்த பின்னரும் எஞ்சியது இவ்வெழுத்துக்களாலேயே.

இஷியின் வில் சூனிப்பர் மரத்தாலானது. அதன் முதுகிலே மானின் தசைநார் ஒட்டப்பட்டிருந்தது. நீளம் 42 அங்குலம். ஓர் ஆளின் உயரத்தை எட்டும் நெடுவில்லோடு ஒப்பிட்டால் இது சிறுவர் கைப்பொருள் போலத் தோன்றும். அதன் இழுநிறை ஏறக்குறைய 45 இறாத்தல் எனவும், அம்பு 200 யார் வரை செல்லும் எனவும் போப் அளந்து கூறினார். இதனினும் வலிய வில்லை இஷி விரும்பியபோது செய்தார் என்றும், எனினும் வேட்டைக்கு இவ்வளவையே தகுந்ததாகக் கொண்டார் என்றும் அவர் எழுதியுள்ளமை பெரிதும் கவனிக்கற்பாலது. மேரி றோஸிற் கிடைத்த விற்களுள் மிக மெலிந்ததற்கும் இவ்வில் பாதியளவே நிகராகும். ஆயினும் மானைக் கொல்ல அது போதியதாயிற்று.

அது போதியதானது எவ்வாறு? இஷி தூரத்திலிருந்து எய்யவில்லை. வேட்டைக்கு முன் புகையிலையை ஒதுக்கினார், மீனுணவையும் ஒதுக்கினார், நீராடி உடலின் வாசனையை நீக்கினார். காற்றின் திசையறிந்து சென்றார். பாடஞ்செய்த மான்தலையைத் தம் தலையில் அணிந்து, புதரின் மேலே அதனைச் சற்றே அசைத்து, வியப்புற்ற மான் தானே அணுகிவரச் செய்தார். குந்தியிருந்து எய்வது அவருக்கு வாய்ப்பான நிலை. நகரத்தாரின் இலக்குப் பலகையில் அவர் பெற்ற புள்ளிகள் குறைவு. நெடுந்தூரத்தில் அவரினும் பிறர் நன்றாக எய்தனர். ஆனாற் காட்டிலே மானை அண்மித்து எய்வதில் அவருடைய முறை பிழைபடவில்லை. வில்லின் வலியாற் கடக்க வேண்டிய தூரத்தை அவர் தம் பொறுமையாற் கடந்தார் எனலாம்.

போப் பின்னர்த் தம் நண்பர் ஆர்தர் யங் என்பாருடன் கரடி முதலிய பெருவிலங்குகளை வேட்டையாடச் சென்றபோது 75 இறாத்தலும் அதற்கு மேலுமான யூ விற்களைக் கொண்டு சென்றார். பெருவிலங்குக்குப் பெருநிறை வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. ஆனால் அவரும் யங்கும் அவ்விற்களை ஆண்டுக்கணக்காகப் பயின்றே கையாண்டனர் என்பது மறக்கத்தக்கதன்று.

அம்பின் அலகு

துப்பாக்கிக் குண்டுக்கும் அம்புக்கும் கொல்லும் முறையில் வேறுபாடுண்டு. விரைந்து பாயும் குண்டு தன் பெருஞ்சத்தியால் தசையையும் எலும்பையும் சிதைக்கும். அம்போ வெட்டும். கூரிய அலகு மானின் நுரையீரலையோ பெருநாடியையோ அறுத்துச் சென்றால் இரத்தம் விரைந்து வடிந்து, சில கணங்களில் அது நினைவிழந்து வீழும். வயிற்றில் தைத்தால் அம்மான் நெடுந்தூரம் ஓடிப் பல மணித்தியாலம் வருந்தும். எனவே அம்பின் பயன் அது கொண்டுசெல்லும் சத்தியில் மாத்திரமன்றி, அலகின் கூர்மையிலும் அது தைக்கும் இடத்திலும் தங்கியுள்ளது.

போப் செய்த ஒரு சோதனை இதனை உறுதிப்படுத்தும். விலங்கின் உடலை ஒக்கும்படி ஈரலை நிரப்பி மான்தோலாற் போர்த்த பெட்டியொன்றில், உருக்கு அலகுள்ள அம்பையும், இஷியின் குலத்தவர் வழங்கிய எரிமலைக் கண்ணாடிக்கல் அலகுள்ள அம்பையும் அவர் எய்து பார்த்தார். கல்லலகே மேலும் ஆழமாகச் சென்றது. மான்கொம்பின் நுனியால் அழுத்திச் சிறு செதில்களாகப் பெயர்த்துக் கூராக்கிய கல், பட்டறையிற் செய்த உருக்கை வென்றது. மழுங்கிய அலகோடு பத்து இறாத்தல் கூடுதலான வில்லைக் கொள்வதினும், அலகைத் தீட்டிக்கொள்வது மேல் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையின் வேடரும் இதனை அறிந்திருந்தனர். 1660ஆம் ஆண்டிற் கண்டியரசனாற் சிறைப்படுத்தப்பட்டு 1679ஆம் ஆண்டில் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஒரு சுவையான வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். அம்பலகு தேவைப்பட்ட வேடர் இரவிலே கொல்லனுடைய பட்டறைக்குச் சென்று, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அலகின் வடிவில் வெட்டிய இலையையும் அதனருகே வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வடிவில் அலகு செய்து வைத்தால், பின்னரும் இறைச்சி கொண்டுவந்து நன்றி காட்டுவர். பிற மக்களோடு பேசவும் விரும்பாத வேடர், அலகின் வடிவத்தில் மாத்திரம் ஐயத்துக்கு இடமின்றித் தம் கருத்தை இலையிலே வெட்டிக் காட்டினர். வில்லை அவர்கள் தாமே செய்துகொண்டனர். அலகுக்காக மாத்திரம் காட்டைவிட்டு வெளியே வந்தனர். வேட்டையில் எது இன்றியமையாதது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வேடரின் வழித்தோன்றல்களாகிய தம்பானை மக்களின் பழைய வேட்டைநிலங்கள், 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட எல்லையுள் அடங்கிவிட்டன.

தூரமும் காலமும்

பெபுஸும் இஷியும் அனுபவத்தாற் கண்டதைக் கணிதத்தாலும் காட்டலாம். ஓர் அம்பு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் மானை அடைய அதற்கு 0.44 செக்கன் வேண்டும். நாண் அதிரும் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வதால் 0.06 செக்கனில் மானை எட்டிவிடும். ஆகவே ஒலி கேட்டபின் மான் அசைவதற்கு 0.38 செக்கன் உண்டு. 40 மீற்றரில் அவ்விடைவேளை 0.77 செக்கனாக ஏறும். விழிப்புற்ற மான் அதற்குள் உடலைத் தாழ்த்தித் திரும்பிவிடும்.

இனி, மேலும் வலிய வில்லைக்கொண்டு அம்பின் வேகத்தை 55 மீற்றராக ஏற்றியதாகக் கொள்வோம். 40 மீற்றரில் இதனாற் கிடைக்கும் இலாபம் ஏறக்குறைய 0.16 செக்கனே. பழைய வில்லையே வைத்துக்கொண்டு 20 மீற்றருக்கு அணுகினால் 0.39 செக்கன் இலாபமாகும்.

தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் பிழையும் இவ்வாறே. பறக்கும் அம்பு புவியீர்ப்பால் தாழ்ந்துகொண்டே செல்லும். 20 மீற்றரை 18 மீற்றர் எனப் பிழையாக மதித்து எய்தால், 45 மீற்றர் வேகமுள்ள அம்பு குறிக்குக் கீழே ஏறக்குறைய 10 சதமமீற்றரில் தைக்கும். 40 மீற்றரை 36 எனப் பிழையாக மதித்தால் 39 சதமமீற்றர் தாழ்ந்துவிடும். பிழையின் வீதம் இரண்டிடத்தும் ஒன்றே. விளைவோ நான்கு மடங்கு. மானின் நெஞ்சில் உயிர்நிலை அமைந்த பகுதி ஒரு சாண் அகலத்துக்குச் சிறிதே கூடும். நடுவைக் குறித்து எய்யுமிடத்து முதலாவது பிழையை அது பொறுக்கும், இரண்டாவதைப் பொறுக்காது. வேகம் 55 மீற்றராயினும் 40 மீற்றரிற் பிழை 26 சதமமீற்றராக நிற்கும். அதுவும் உயிர்நிலைக்குப் புறம்பே. எனவே, அணுகாதவனுடைய குறையை வில்லின் வலி முற்றும் நிரப்பமாட்டாது.

இனி, தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வில்லை ஏந்தியவனுக்கு நேர்வன யாவை? இழுக்கும்போது வில்லை வானை நோக்கி உயர்த்த வேண்டிவரும்; அவ்வசைவை மான் காணும். நெடுநேரம் குளிரில் அசையாதிருந்த தசைகள் வேண்டியபோது உதவா. முழுதும் இழுக்குமுன் நாண் கைநழுவும். பிடித்திருக்க இயலாமையால், மான் ஏற்றவாறு திரும்புமுன் அம்பு புறப்பட்டுவிடும். இதனாலேயே அனுபவமுள்ள வில்லாளர், ஒருவன் நிலத்தில் அமர்ந்தபடி, வில்லை மேலே தூக்காது, மெல்ல நேராக இழுத்து, சற்றுநேரம் நடுக்கமின்றி நிறுத்தக்கூடிய வில்லே அவனுக்குரிய வேட்டைவில் என்று கொள்வர்.

சட்டம் கூறுவதும் கூறாததும்

ஐக்கிய அமெரிக்காவில் வில்வேட்டை 20ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சி பெற்றது. விஸ்கொன்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டில் வில்லால் மான் வேட்டையாடுவதற்கெனத் தனிப்பருவம் வகுத்தது. நாளடைவிற் பல மாநிலங்கள் இழுநிறைக்கும் எல்லை வகுத்தன. மானுக்கு விஸ்கொன்சின் 30 இறாத்தலும், கொலறாடோ 35 இறாத்தலும், அலாஸ்கா 40 இறாத்தலும் குறைந்த அளவாக விதித்துள்ளன. மூஸ் போன்ற பெருவிலங்குகளுக்கு அலாஸ்காவில் 50 இறாத்தல் வேண்டும். 45 இறாத்தலைத் தேர்ந்த இஷியின் தீர்ப்புக்கும் இவ்வெண்களுக்கும் உள்ள அணுக்கம் வியக்கத்தக்கது.

இதற்கிடையில், மிசூரி மாநிலத்தவரான ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர் கப்பிகளைப் பொருத்திய ஒருவகை வில்லை அமைத்து, 1966ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1969ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வில்லை இழுக்குமிடத்து இடையில் விசை உச்சத்தை அடைந்து, முழு இழுப்பிற் பெரிதும் தணிந்துவிடும். இக்காலத்துக் கப்பிவில் சிலவற்றில் நூற்றுக்கு 80 பங்கு தணிவதால், 60 இறாத்தல் வில்லையும் 12 இறாத்தல் விசையாற் பிடித்திருக்கலாம். இழுத்து வைத்துக் காத்திருக்கக்கூடிய மென்மையான வில் வேண்டுமென்று 14ஆம் நூற்றாண்டிற் பெபுஸ் கூறியது, 20ஆம் நூற்றாண்டிற் கப்பிகளாற் கைகூடிற்று.

நெடுவில்லாற் புகழ்பெற்ற இங்கிலாந்தோ வேறொரு வழியை மேற்கொண்டது. 1963ஆம் ஆண்டின் மான்கள் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் அம்பால் மானைக் கொல்வதைத் தடைசெய்தது. 1981ஆம் ஆண்டின் சட்டம் எல்லாக் காட்டுவிலங்குகளுக்கும் அத்தடையை விரித்தது. காயமுற்று ஓடும் விலங்கின் துன்பமே இரு நாட்டினரும் எதிர்நோக்கிய வினா. ஒரு நாட்டார் குறைந்த அளவை விதித்தனர். மற்றொரு நாட்டார் வில்லையே விலக்கினர்.

அமெரிக்கச் சட்டங்கள் கீழெல்லையை வகுப்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். இதனினும் மெலிந்த வில் மானின் உடலை ஊடுருவாது என்று சட்டம் கூறலாம். மானின் உடல் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மேலெல்லையைச் சட்டம் வகுக்கமாட்டாது. அது ஒவ்வொருவருடைய தோளுக்கும் வயதுக்கும் பயிற்சிக்கும் ஏற்ப வேறுபடுவது. 70 இறாத்தல் ஒருவனுக்கு எளிது. மற்றொருவனுக்கு 50 இறாத்தலே மிகை. தன் எல்லையைத் தானே அறிந்து, பிறர் முன்னிலையில் நாணாது, சிறிய வில்லை ஏந்துவதற்கு வேண்டியது நேர்மை. வலிய வில்லால் வரும் தவறு பெரும்பாலும் அகந்தையிலிருந்தே பிறக்கின்றது.

முயலைக் கொன்ற அம்பினும் யானைக்குத் தப்பிய வேலே இனிதெனத் திருவள்ளுவர் படைச்செருக்கிற் கூறியது போர்வீரனுக்கு. அவ்வீரனுக்குப் பெருமுயற்சியே புகழ். வேடனுக்கு அந்நெறி பொருந்தாது. அவன் தப்பவிட்டதன் விலையைக் கொடுப்பது மான். தசரதன் கையிலிருந்த வில் வலியது. அவன் ஒலிகேட்டு எய்யும் வித்தையும் வல்லவன். ஆயினும் கண்ணாற் காணாது, விலங்கு நீருண்ணும் ஒலியென மயங்கி அவன் விடுத்த அம்பு, குருடரான பெற்றோருக்கு நீர் முகந்த இளைஞனின் மார்பிற் பாய்ந்தது. அங்கே குறைந்தது வில்லின் வலியன்று. விடுமுன் நின்று நோக்கும் நிதானமே குறைந்தது. 45 இறாத்தல் வில்லோடு புதரிலே குந்தியிருந்து, மான் தானே அணுகிவரும்வரை காத்திருந்த இஷியிடம் இருந்ததும் அந்நிதானமே.